டேனியல் ஆல்ஃபிரட்சன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளும் கொஞ்சம் நீளமான பதில்களும்

முதலில், யார் இவர்?

ஸ்வீடன் நாட்டு ஐஸ் ஹாக்கி ஆட்டக்காரர், வலது விங்கர். 1972 டிசம்பர் 11 அன்று அந்த நாட்டின் மேற்குக் கரையிலுள்ள கோதன்பர்க் நகரத்தில் பிறந்தவர். வட அமெரிக்காவின் முதன்மை ஐஸ் ஹாக்கி லீகான என்.எச்.எல்.லில் 18 சீசன் ஆடியிருக்கிறார், அதில் 17 சீசன் ஒரே அணிக்கு, கனடாவின் தலைநகரத்து அணியான ஒட்டாவா செனட்டர்ஸுக்கு. மொத்தம் 1,246 ஆட்டம், 444 கோல், 713 அசிஸ்ட், கூட்டினால் 1,157 பாயின்ட். அசிஸ்ட் என்றால் கோல் விழுவதற்கு முன் பக்கை (பந்துக்குப் பதிலாக இருக்கும் ரப்பர் வட்டை) கொடுத்தவர் கணக்கில் ஏறுவது, கோலும் அசிஸ்டும் தலா ஒரு பாயின்ட்.

ஊர்க்காரர்கள் யாரும் அவரை முழுப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஆல்ஃபி, அவ்வளவுதான்.

விங்கர் என்றால் என்ன வேலை?

ஐஸ் மேல் ஒரு அணிக்கு ஒரே சமயத்தில் ஆறு பேர். கோலைக் காக்கும் கோலி ஒருவர், தடுப்பாளர்கள் இருவர், முன்னால் மூன்று பேர். அந்த மூவரில் நடுவில் இருப்பவர் சென்டர், பக்கத்துக்கு ஒருவராக இருப்பவர்கள் விங்கர்கள். பலகைச் சுவரை ஒட்டி மேலும் கீழும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், சுவரோரம் மாட்டிக்கொண்ட பக்கை எதிராளியின் முழங்கைக்கும் இடுப்புக்கும் நடுவிலிருந்து பிடுங்கி எடுக்க வேண்டும், எடுத்தபின் கோலை நோக்கி அடிக்கவோ சென்டருக்குத் தள்ளவோ வேண்டும். இதெல்லாம் ஒரு முறைக்கு நாற்பது நாற்பத்தைந்து விநாடிதான். அதற்குள் மூச்சு வாங்கிவிடும், பெஞ்சுக்கு வந்து உட்கார்ந்துவிட்டு இரண்டு நிமிடம் கழித்து மறுபடியும் குதிக்க வேண்டும். இதைத்தான் ஷிப்ட் என்பார்கள்.

நல்ல விங்கர் என்றால் நிறைய கோல் போடுபவர் என்று பொதுவாக நினைப்போம். ஆல்ஃபிரட்சன் விஷயத்தில் அது பாதிதான். எதிரணி பக்கோடு திரும்பி வரும்போது தன் கோல் வரைக்கும் துரத்திக்கொண்டு போகிற விங்கர் அவர். ஆள் குறைவாக இருக்கும்போது (பெனால்ட்டியில் ஒருவர் வெளியே உட்கார்ந்திருக்கும்போது) இறக்கிவிடுவார்கள், ஆள் அதிகமாக இருக்கும் பவர் பிளேயிலும் இறக்கிவிடுவார்கள், கடைசி நிமிடத்தில் ஒரு கோல் முன்னிலையைக் காப்பாற்ற வேண்டுமானாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். கோச்சுக்கு இந்த மாதிரி ஒருவர் கிடைத்தால் பாதித் தலைவலி போய்விடும்.

சின்ன வயதிலிருந்தே நட்சத்திரமா?

இல்லை, அதுதான் இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம். என்.எச்.எல்.லில் ஆண்டுதோறும் டிராஃப்ட் நடக்கும், அணிகள் வரிசையாக இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும். பெரும்பாலானவர்களை 18 வயதிலேயே எடுத்துவிடுவார்கள். ஆல்ஃபிரட்சனுக்கு 18, 19, 20 எல்லாம் வந்து போயின, யாரும் தொடவில்லை. அந்தச் சமயத்தில் அவர் கோதன்பர்க் பக்கத்தில் மோல்ண்டால் என்கிற கீழ்நிலை அணியில் ஆடிவிட்டு, பிறகு ஊரின் பெரிய கிளப்பான ஃப்ரோலுண்டாவுக்கு வந்தார். 1994இல் 21 வயதில்தான் ஒட்டாவா அவரை எடுத்தது, அதுவும் ஆறாவது சுற்றில், 133ஆவது ஆளாக. 133 என்றால் யாரும் பெரிதாக எதிர்பார்க்காத இடம். வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும் என்று எடுத்து வைப்பது.

வந்த முதல் ஆண்டு எப்படி?

1995-96. ஒட்டாவா செனட்டர்ஸ் அப்போது லீகின் கேலிப்பொருள். 1992இல்தான் அணியே ஆரம்பித்திருந்தார்கள், ஆண்டுக்கு ஆண்டு கடைசி இடம். அந்த சீசனில் 82 ஆட்டத்தில் 18 வெற்றி, 59 தோல்வி, 5 டிரா. ஒரே சீசனில் மூன்று ஹெட் கோச். ரிக் போனஸ் போனார், டேவ் ஆலிசன் வந்தார், அவரும் போனார், ஜனவரியில் ஜாக் மார்டின் வந்தார். இந்த மார்டின் பெயரைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் மறுபடி வருவார்.

இப்படிப்பட்ட அணியில் புதிதாக வந்த ஸ்வீடன்காரர் 82 ஆட்டமும் ஆடி 26 கோல், 35 அசிஸ்ட் போட்டு, அந்த ஆண்டின் சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் டிராஃபியை வாங்கிவிட்டார். அதற்கு முந்தைய ஆண்டு அதே டிராஃபியை வாங்கியதும் ஒரு ஸ்வீடன்காரர்தான், பீட்டர் ஃபோர்ஸ்பெர்க். ஆனால் ஃபோர்ஸ்பெர்கை எல்லோரும் எதிர்பார்த்தார்கள், இவரை யாரும் எதிர்பார்க்கவில்லை.

ஸ்வீடன் ஆட்டக்காரர்களை அங்கே எப்படி நடத்தினார்கள்?

ஆல்ஃபிரட்சன் வந்தபோது நிலைமை நிறைய மாறியிருந்தது. 1973இல் போரியே சால்மிங் டொரான்டோ அணிக்குப் போனபோது ஸ்வீடன்காரர்களைக் கோழைகள் என்று பட்டப்பெயர் வைத்துத்தான் கூப்பிட்டார்கள், ஸ்டிக்கால் அடித்துப் பார்த்தார்கள், தோளால் இடித்துப் பார்த்தார்கள், அவர் ஓடவில்லை. அவர் வாங்கிய அடிதான் பின்னால் வந்தவர்களுக்குப் பாதை போட்டது. 1997இல் டொரான்டோவுக்கு ஒரு ஸ்வீடன்காரர், மாட்ஸ் சுந்தீன், கேப்டன் ஆகிவிட்டார். இரண்டு ஆண்டு கழித்து பக்கத்து ஒட்டாவாவுக்கும் ஒரு ஸ்வீடன்காரர் கேப்டன்.

கேப்டன் பதவி எப்படிக் கிடைத்தது?

இன்னொருவர் விட்டுப்போனதால் கிடைத்தது. ஒட்டாவாவின் நட்சத்திரமாகவும் கேப்டனாகவும் இருந்த ரஷ்யர் அலெக்சி யாஷின், 1999இல் ஒப்பந்தம் ஓர் ஆண்டு பாக்கி இருக்கும்போதே சம்பளம் போதாது என்று சொல்லி அந்த சீசன் முழுக்க ஆட மறுத்துவிட்டார். நிர்வாகம் கேப்டன் பதவியைப் பிடுங்கி ஆல்ஃபிரட்சனிடம் கொடுத்தது. அன்றிலிருந்து 2013 வரை கேப்டனைக் குறிக்கும் அந்த 'சி' எழுத்து அவர் சட்டையில்தான் இருந்தது.

யாஷினால் ஒட்டாவாவுக்கு வேறு விதத்தில் லாபம். 2001இல் அவரை நியூயார்க் ஐலண்டர்ஸுக்குத் தள்ளிவிட்டபோது பதிலுக்குக் கிடைத்தவர்களில் ஒருவர் ஆறடி ஒன்பது அங்குல உயரத் தடுப்பாளர் ஸ்டேனோ சாரா, கூடவே ஒரு டிராஃப்ட் வாய்ப்பு. அந்த வாய்ப்பை வைத்து எடுத்த பையன் பெயர் ஜேசன் ஸ்பெட்சா. ஆல்ஃபிரட்சனின் சிறந்த ஆண்டுகளில் அவருக்கு நடுவில் நின்று பக் கொடுத்த சென்டர் இவர்தான்.

நடுவில் 2003 ஜனவரியில் கிளப்பே திவால் பாதுகாப்புக்குப் போனது. புத்தாண்டு சமயத்தில் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கூட நேரத்துக்கு வரவில்லை. அந்த சீசனை அதே அணி, வெற்றி தோல்வியை வைத்து அணிகளுக்குப் போடும் கணக்கில், 113 பாயின்டோடு லீகின் முதலிடத்தில் முடித்தது என்பதை இன்றைக்கு யாரிடமாவது சொன்னால் நம்பமாட்டார்கள். சீசன் முடிந்தபின் கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃபில் (ஒவ்வொரு சுற்றும் ஒரு தொடர், முதலில் நான்கு ஆட்டம் ஜெயிப்பவர் மேலே போவார்) மட்டும் நியூ ஜெர்சியிடம் ஏழாவது ஆட்டத்தில் தோற்று, இறுதிக்கு ஒரு படி முன்னால் நின்றுபோனார்கள்.

டொரான்டோ ரசிகர்கள் ஏன் அவரைப் பார்த்தாலே ஊளையிடுவார்கள்?

டொரான்டோவில் இருக்கும் நம் ஆட்கள் சிலர் இந்தக் கேள்வியைப் படித்துவிட்டு இப்போதே பல்லைக் கடித்துக்கொண்டிருப்பார்கள். சரி, நியாயமாகவே சொல்கிறேன்.

2000, 2001, 2002, 2004 என்று நான்கு முறை இந்த இரண்டு அணிகளும் பிளேஆஃபில் மோதின, நான்கு முறையும் டொரான்டோதான் ஜெயித்தது. ஆக, கோபப்பட வேண்டியது ஒட்டாவாக்காரர்கள். ஆனால் 2002இல் ஐந்தாவது ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் ஆல்ஃபிரட்சன் டொரான்டோவின் டார்சி டக்கரைப் பின்னாலிருந்து சுவரில் மோதினார். டக்கர் தோளில் அடிபட்டுக் கீழே கிடந்தார். நடுவர் விசில் ஊதவில்லை. அடுத்த சில விநாடிகளில் அதே ஆல்ஃபிரட்சன் வெற்றி கோலைப் போட்டார். பெனால்ட்டி கொடுத்திருக்க வேண்டிய மோதல் அது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை, ஒட்டாவா ரசிகர்களோடு இதில் வாக்குவாதம் பண்ணிப் பிரயோஜனமும் இல்லை.

அப்புறம் 2004 ஜனவரி. சுந்தீனின் ஸ்டிக் ஒரு ஆட்டத்தில் உடைந்தது, கடுப்பில் அதைத் தூக்கிப் பார்வையாளர்கள் பக்கம் எறிந்துவிட்டார், லீக் அவருக்கு ஒரு ஆட்டம் தடை போட்டது. அந்த ஒரு ஆட்டம் ஒட்டாவாவுக்கு எதிரானது, அதுவும் டொரான்டோவில். ஆட்டத்துக்கு நடுவில் ஆல்ஃபிரட்சனின் ஸ்டிக் உடைகிறது. அவர் உடைந்த துண்டைத் தூக்கிக் கூட்டத்தைப் பார்த்து எறியப் போவது போல் கையை ஓங்கி, எறியாமல் கீழே போட்டுவிட்டுப் போய்விட்டார். ஒட்டாவா 7-1 என்று முன்னே போய்க்கொண்டிருந்த ஆட்டம் வேறு. வெந்த புண்ணில் வேல் பாய்ச்சிய மாதிரி. அதற்குப் பிறகு அந்த ஊரில் அவர் ஸ்டிக்கில் பக் பட்டாலே ஊளைதான், ஓய்வு பெறும் வரைக்கும்.

தனிப்பட்ட முறையில் சுந்தீனுக்கும் அவருக்கும் ஒரு பகையும் இல்லை. இரண்டு பேரும் ஸ்வீடன் அணியில் ஒன்றாக ஆடியவர்கள்.

அவருடைய உச்சம் எது?

எண்களை வைத்துப் பார்த்தால் 2005-06. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2004-05இல் முதலாளிகளுக்கும் ஆட்டக்காரர்களுக்கும் சம்பளத் தகராறு வந்து என்.எச்.எல். சீசன் முழுவதும் ரத்தானது. ஆல்ஃபிரட்சன் ஊருக்குத் திரும்பி ஃப்ரோலுண்டாவுக்கு ஆடினார். கோலில் நின்றவர் ஹென்ரிக் லுண்ட்க்விஸ்ட், அப்போது அமெரிக்காவில் அவரை யாருக்கும் தெரியாது. பிளேஆஃபில் ஆல்ஃபிரட்சன் 14 ஆட்டத்தில் 12 கோல் போட்டார், ஃப்ரோலுண்டா ஸ்வீடனின் சாம்பியன் ஆனது. தான் வளர்ந்த கிளப்புக்கு, தான் பிறந்த ஊரில்.

திரும்பி வந்தபோது ஒட்டாவா ஒரு பெரிய மாற்று வியாபாரம் செய்திருந்தது. மரியான் ஹோசாவைக் கொடுத்துவிட்டு டேனி ஹீட்லியை வாங்கியிருந்தார்கள். இடதுபுறம் ஹீட்லி, நடுவில் ஸ்பெட்சா, வலதுபுறம் ஆல்ஃபிரட்சன். இந்த மூவருக்கும் ரசிகர்கள் வைத்த பெயர் 'பீட்சா லைன்'. காரணம் சிரிப்பானது. ஒட்டாவா நிறைய கோல் போட்டால் டிக்கெட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு துண்டு பீட்சா இலவசம் என்று ஒரு பீட்சா கடை விளம்பரம் செய்திருந்தது, இந்த மூன்று பேர் சேர்ந்த பிறகு ஊரே ஓசி பீட்சா தின்றது. ஆல்ஃபிரட்சன் 43 கோல், 60 அசிஸ்ட், 103 பாயின்ட். ஹீட்லி 50 கோல், 53 அசிஸ்ட், அவருக்கும் 103. அப்போது ஆல்ஃபிரட்சனுக்கு வயது 33.

2006இல் பஃபலோவிடம் நடந்தது என்ன? அதை ஏன் இன்னும் பேசுகிறார்கள்?

இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர் வாழ்க்கையை ஒரே ஜோடிக் காட்சியில் பார்க்க வேண்டுமானால் அது இதுதான்.

2006 மே மாதம், இரண்டாவது சுற்று, ஐந்தாவது ஆட்டம், ஒட்டாவாவின் சொந்த ஐஸ். பஃபலோ 3-1 என்று தொடரில் முன்னணியில். ஆட்டம் ஓவர்டைமுக்குப் போகிறது, அதாவது அடுத்து யார் கோல் போட்டாலும் அங்கேயே முடிந்தது. பஃபலோ பக்கம் ஒருவர் பெனால்ட்டியில் உட்கார்ந்திருக்கிறார், ஒட்டாவாவுக்குப் பவர் பிளே, இது நமக்குத்தான் என்று அரங்கம் எழுந்து நிற்கிறது. ஆல்ஃபிரட்சன் பின்வரிசையில் தடுப்பாளர் இடத்தில் நிற்கிறார், பவர் பிளேயில் அவருக்கு அந்த வேலையும் உண்டு. பஃபலோவின் ஜேசன் பாமின்வில் பக்கை எடுத்துக்கொண்டு இடதுபுறமாக வேகம் எடுக்கிறார். எதிரே பின்னோக்கிச் சறுக்கிக்கொண்டு ஆல்ஃபிரட்சன். பின்னோக்கிப் போகிறவர் எப்போது திரும்பி முன்னோக்கி ஓட வேண்டும் என்பதில் ஒரு கண நேரக் கணக்கு இருக்கிறது. தடுப்பாளராகவே பழகியவருக்கு அது உடம்பில் ஊறியிருக்கும், விங்கருக்கு அப்படி இருக்காது. அந்தக் கணத்தை அவர் தவறவிட்டார். பாமின்வில் அவரைச் சுற்றிக்கொண்டு போய் கோலைப் போட்டார். ஆள் குறைவாக இருந்த அணி ஓவர்டைமில் கோல் போட்டு ஒரு தொடரையே முடித்தது. அரங்கம் அப்படியே அமைதி.

ஓராண்டு முழுக்க இதையே காட்டினார்கள். கேப்டன் வயதாகிவிட்டார், பெரிய ஆட்டத்தில் சொதப்புகிறார், விற்றுவிடலாம் என்று பத்திரிகையில் எழுதினார்கள்.

இப்போது 2007 மே. கிழக்குப் பிரிவின் இறுதிச் சுற்று. எதிரணி அதே பஃபலோ, அந்த ஆண்டு லீகிலேயே முதலிடம். அதே ஐந்தாவது ஆட்டம், மறுபடி 3-1, ஆனால் இந்த முறை முன்னணியில் ஒட்டாவா, நடப்பது பஃபலோவில். மறுபடி ஓவர்டைம், ஆட்டம் 2-2. ஆல்ஃபிரட்சன் பக்கோடு உள்ளே வருகிறார், முன்னால் ஒரு தடுப்பாளர் கோலி ரயன் மில்லரின் பார்வையை மறைத்தபடி நிற்கிறார், அந்த மறைப்பைப் பயன்படுத்தி மணிக்கட்டைச் சுழற்றித் தாழ்வாக ஓர் அடி. பக் உள்ளே. லீகின் உச்சக் கோப்பையான ஸ்டான்லி கோப்பையின் இறுதிக்கு ஒட்டாவா போயாயிற்று.

இதைப் பழிதீர்ப்பு என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. முந்தைய ஆண்டு தவறு செய்ததும் அவர்தான், அடுத்த ஆண்டு அடித்ததும் அவர்தான், இரண்டு ஆண்டும் ஓவர்டைமில் ஐஸ் மேல் நின்றதும் அவர்தான். பெஞ்சில் இருந்தவர்களுக்கு இரண்டுமே நடந்திருக்காது.

இறுதியில் என்ன ஆயிற்று?

அனஹைம் டக்ஸ் 4-1 என்று தொடரை வென்றது. ஒட்டாவா ஒரே ஒரு ஆட்டம் ஜெயித்தது, மூன்றாவது, 5-3. ஜூன் 6 அன்று ஐந்தாவது ஆட்டத்தில் 6-2 என்று முடிந்தது. அந்த இரண்டு கோலும் ஆல்ஃபிரட்சன் போட்டவை. பிளேஆஃப் முழுவதும் சேர்த்து அவருக்கு 14 கோல், 22 பாயின்ட்.

நீடர்மேயர் மேல் வேண்டுமென்றே பக்கை அடித்தாரா?

நான்காவது ஆட்டம், இரண்டாவது பகுதி முடிய ஒரு சில விநாடி. நடுக்கோட்டருகே வந்த ஆல்ஃபிரட்சன் பக்கை ஓங்கி அடித்தார், அது அனஹைம் கேப்டன் ஸ்காட் நீடர்மேயர் மேல் போய்ப் பட்டது. உடனே தள்ளுமுள்ளு. வேண்டுமென்று செய்யவில்லை என்பதுதான் ஆல்ஃபிரட்சன் தரப்பு. வீடியோ இருக்கிறது, பார்த்து நீங்களே முடிவு செய்யுங்கள். அவர் அவ்வளவு துல்லியமாக அடிக்கக்கூடியவர் என்பதுதான் அவருக்கு எதிரான ஒரே சாட்சி.

அப்படியானால் வாழ்க்கையில் ஒரு பெரிய கோப்பையும் இல்லையா?

ஸ்டான்லி கோப்பை இல்லை. உலக சாம்பியன்ஷிப் தங்கமும் இல்லை, ஸ்வீடன் ஜெயித்த ஆண்டுகளில் அவர் அணியில் இல்லை. ஆனால் 2006 துரின் ஒலிம்பிக் தங்கம் இருக்கிறது.

அந்த ஒலிம்பிக்குக்கு முன்னால் 2002 சால்ட் லேக் சிட்டியில் ஸ்வீடன் அணிக்கு ஒரு பெரிய அவமானம் நடந்திருந்தது. முதல் சுற்றில் கனடாவையே துவைத்துவிட்டு, காலிறுதியில் பெலாரஸிடம் 4-3 என்று தோற்றார்கள். தூரத்திலிருந்து வந்த ஒரு சாதாரண அடி கோலி டாமி சாலோவின் முகமூடியில் பட்டுத் துள்ளி உள்ளே விழுந்தது. ஸ்வீடனில் அந்த ஆட்டத்தைப் பற்றி இன்றைக்குப் பேசினாலும் முகம் சுளிப்பார்கள். அந்த அணியிலும் ஆல்ஃபிரட்சன் இருந்தார்.

நான்கு ஆண்டு கழித்து துரினில் இறுதி ஆட்டம் பின்லாந்தோடு. ஸ்வீடனும் பின்லாந்தும் மோதினால் நம் ஊரில் எந்த மோதலைச் சொல்ல வேண்டும் என்று உங்களுக்கே தெரியும். 2-2 என்ற நிலையில் மூன்றாவது பகுதி ஆரம்பித்து பத்தாவது விநாடியில் நிக்லாஸ் லிட்ஸ்ட்ரோம் அடித்த கோல்தான் முடிவு, 3-2. சுந்தீன், ஃபோர்ஸ்பெர்க், லிட்ஸ்ட்ரோம், ஆல்ஃபிரட்சன், கோலில் லுண்ட்க்விஸ்ட் என்று ஒரு தலைமுறையே அந்த அணியில் இருந்தது. ஆல்ஃபிரட்சன் அந்தத் தொடரில் 10 பாயின்ட் எடுத்தார். 2014 சோச்சியில் 41 வயதில் மறுபடி போய் வெள்ளியோடு வந்தார், இறுதியில் கனடா 3-0. மொத்தம் ஐந்து ஒலிம்பிக்.

அவ்வளவு விசுவாசமானவர் கடைசியில் ஏன் டெட்ராய்ட்டுக்குப் போனார்?

பணம். இதைச் சுற்றி வளைத்துச் சொல்வதில் அர்த்தமில்லை, அவரே 2013 ஆகஸ்டில் ஒட்டாவாவில் பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு விளக்கினார்.

2008இல் அவர் நான்கு ஆண்டு ஒப்பந்தம் போட்டபோது கடைசி ஆண்டுக்கு சம்பளம் வெறும் 10 லட்சம் டாலர். லீகில் ஒரு அணி இவ்வளவுதான் செலவழிக்கலாம் என்று உச்சவரம்பு உண்டு, அதில் கணக்குப் பார்ப்பது ஆண்டுச் சராசரியை வைத்து. ஆக, கடைசியில் ஒரு மலிவான ஆண்டைச் சேர்த்தால் சராசரி இறங்கும், அணிக்கு மற்றவர்களை வாங்கக் கையில் இடம் இருக்கும். அதற்குள் நான் ஓய்வு பெற்றுவிடுவேன் என்ற எண்ணத்தில் ஒத்துக்கொண்டேன் என்றார் ஆல்ஃபிரட்சன். ஆனால் ஓய்வு பெறவில்லை, அந்த மலிவான ஆண்டையும் ஆடினார். அடுத்த ஒப்பந்தத்தில் அதை ஈடுகட்டுவார்கள் என்று எதிர்பார்த்தார், பேச்சு நகரவில்லை. நிர்வாகம் தன் பக்கக் கதையை வேறு மாதிரி சொன்னது.

2013 ஜூலை 5 அன்று டெட்ராய்ட் ரெட் விங்ஸ் ஓராண்டுக்கு, போனஸ் எல்லாம் சேர்த்து 55 லட்சம் டாலருக்கு எடுத்துக்கொண்டது. ஒட்டாவாவில் சட்டையைக் கழற்றி எரித்தவர்களும் உண்டு, அழுதவர்களும் உண்டு.

இதற்கு ஒரு முன்கதையையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அதே ஆண்டு மே மாதம் பிட்ஸ்பர்கோடு நடந்த தொடரில் ஒட்டாவா 3-1 என்று பின்தங்கியிருந்தது. மூன்றாவது ஆட்டத்தில் தோற்கப் போகிற நிலையில், அரை நிமிடம்கூட மீதி இல்லாதபோது, ஆள் குறைவாக இருந்தும் ஆல்ஃபிரட்சன் சமன் செய்து அணியைக் காப்பாற்றியிருந்தார். அது ஒன்றுதான் அவர்கள் ஜெயித்த ஆட்டம். நான்காவது ஆட்டம் முடிந்ததும் ஒரு நிருபர், இங்கிருந்து திரும்பி வர முடியுமா என்று கேட்டார். அநேகமாக முடியாது என்றார் ஆல்ஃபிரட்சன். கேப்டன் இப்படிச் சொல்லலாமா என்று ஒரு கூட்டம் குதித்தது. சொன்னது நடந்தது, அடுத்த ஆட்டத்திலேயே வெளியே. எனக்கு அந்தப் பதில் பிடிக்கும். மைக் முன்னால் பொய் சொல்லத் தெரியாத மனுஷன்.

டெட்ராய்ட்டில் எப்படி ஆடினார்?

68 ஆட்டம், 18 கோல், 31 அசிஸ்ட். 49 பாயின்ட் என்பது பார்க்கச் சிறிதாக இருக்கும், ஆனால் அந்த ஆண்டு அந்த அணியில் அதுதான் அதிகம். முதுகுவலி வேறு.

2013 டிசம்பர் 1 அன்று டெட்ராய்ட் சட்டையில் ஒட்டாவாவுக்கு வந்தார். பாதி அரங்கம் கைதட்டியது, பாதி ஊளையிட்டது. கடைசியில் ஒட்டாவா கோலியை வெளியே எடுத்ததால் காலியான கோலில் ஒரு கோலும் போட்டுவிட்டு 4-2 என்று ஜெயித்துப் போனார்.

பிறகு சமாதானம் ஆனதா?

ஆனது, எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரமாகவே. 2014 டிசம்பர் 4 அன்று ஒட்டாவா அவரோடு ஒரே ஒரு நாள் ஒப்பந்தம் போட்டது, செனட்டராகவே ஓய்வு பெற வேண்டும் என்பதற்காக. அன்று மாலை ஆட்டத்துக்கு முந்தைய பயிற்சியில் பழைய சட்டையோடு ஐஸில் இறங்கி மற்றவர்களோடு கோலிக்குப் பக் அடித்துவிட்டு, ரசிகர்களிடம் விடை பெற்றார். 2016 டிசம்பர் 29 அன்று 11ஆம் எண் சட்டையைக் கூரையில் ஏற்றினார்கள், அதாவது அந்த அணியில் இனி யாரும் 11 போட முடியாது. அன்றைய எதிரணி டெட்ராய்ட்.

மனநலப் பிரச்சாரத்தில் இவர் பெயர் ஏன் வருகிறது?

அவருடைய தங்கை ஒருவர் பதற்றக் கோளாறால் பாதிக்கப்பட்டவர். அதை ஒளிக்காமல் வெளியே பேசி, ஒட்டாவாவின் ராயல் மனநல மருத்துவமனையின் பிரச்சாரத்துக்கு முகமாக நின்றார். ஆண்டு 2008. வலியைக் காட்டினால் ஆண்மை இல்லை என்று நினைக்கிற விளையாட்டில், உடைந்த பல்லோடு ஆடியதைப் பெருமையாகச் சொல்கிற ஆட்களுக்கு நடுவில், ஒரு கேப்டன் இதைப் பேசியது அந்தக் காலத்தில் சாதாரணமில்லை. 2012இல் தலைமைப் பண்புக்கும் சமூகப் பணிக்குமான கிங் கிளான்சி டிராஃபி கிடைத்தது.

ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறாரா?

இருக்கிறார். சிறந்த ஹாக்கிக்காரர்களுக்கான அந்தக் கௌரவப் பட்டியலில் 2022இல் சேர்த்தார்கள். 2017லேயே தகுதி வந்துவிட்டது, ஐந்து ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. கோப்பை இல்லை என்பதுதான் எல்லோரும் சொன்ன காரணம். சேர்ந்த அன்று கூடவே சேர்ந்தவர்கள் ஹென்ரிக் செடின், டேனியல் செடின் என்ற ஸ்வீடன் இரட்டையர்கள், வான்கூவர் அணிக்காரர்கள். அவர்களுக்கும் ஸ்டான்லி கோப்பை கிடையாது, ஆனால் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. இதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

இப்போது என்ன செய்கிறார்?

2023 டிசம்பரில் ஒட்டாவா தன் ஹெட் கோச்சை நீக்கிவிட்டு, தற்காலிகமாக ஒரு முதியவரைக் கூப்பிட்டு உட்கார வைத்தது. 1996 ஜனவரியில் 23 வயது ஆல்ஃபிரட்சனுக்குக் கோச்சாக வந்த அதே ஜாக் மார்டின். அவர் வந்தபோது அவரோடு பெஞ்சுக்குப் பின்னால் உதவிக் கோச்சாக ஆல்ஃபிரட்சனும் வந்து நின்றார், கோட்டு சூட்டில்.

ஒட்டாவா அரங்கத்துக்கு எப்போதாவது போனால் ஆட்ட நேரத்தைக் காட்டும் கடிகாரத்தைப் பாருங்கள். அது 11:11 காட்டும்போது, ஆட்டம் எப்படிப் போய்க்கொண்டிருந்தாலும், மேல் வரிசையிலிருந்து ஆல்ஃபி, ஆல்ஃபி என்று ஒரு கோஷம் கிளம்பும்.